நாற்பதில் ஒன்று இடிந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில், வருடத்துக்கு நான்கு தடவை வால்பாறைக்குக் காரில் வந்துபோகும் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோர மரங்கள் கண்ணை மறைக்கின்றன, வெட்டினால்தான் விபத்து குறையும், குரங்குக்குப் பாலம் கட்டுகிறவர்கள் மனிதனுக்கு நல்ல ரோடு போடக் கூடாதா என்று கேட்டிருந்தார். கேட்டதில் தப்பில்லை. அந்த ரோட்டைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருப்பதால் இதை எழுதுகிறேன். 1990இலிருந்து 2021 வரை பொள்ளாச்சி–வால்பாறைத் தடத்தில் பேருந்து ஓட்டியவன் நான். 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவில் எந்த கியர் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் மனைவி சொல்வாள், தூக்கத்தில் இப்போதும் இடது கையால் எதையோ மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேனாம்.

அன்பர் சொல்லும் வளைவு எனக்குத் தெரியும். அங்கே ஆறு மரங்களில் வெள்ளைப் பெயின்டால் எண் போட்டிருக்கிறார்கள், 11 முதல் 16 வரை. போட்டது யார் என்று இங்கே எழுதவில்லை. சண்டை பிடிப்பதற்காக எழுதும் கடிதம் இல்லை இது. பெயின்ட் டப்பாவோடு நின்ற தம்பியிடம் எதற்கு என்று கேட்டேன்.

"வெட்டத்தானுங்க ஐயா. ஒண்ணு வெட்டுனா பத்து நட்டுருவோமுங்க."

"எங்கே நடுவீங்க தம்பி?"

"எங்க எடம் கெடைக்குதோ அங்கீங்க."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு கேள்வி கூடவே வந்தது. ஒரு மழைக்காலத்தில் ஒன்பதாவது கொண்டை ஊசி இடிந்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 39 வளைவு நன்றாகத்தானே இருக்கிறது, பஸ்ஸை எடு என்று டிப்போவில் யாராவது சொல்வார்களா? இடிந்த ஒன்றுக்குப் பதிலாக உடுமலைப்பேட்டைப் பக்கம் பத்து வளைவு கட்டித் தருகிறோம் என்றால் கேட்டுக்கொள்வோமா? ரோடு என்றால் விடாமல் போக வேண்டும். ஒரு இடத்தில் அறுந்தாலும் அது ரோடு இல்லை. 11 முதல் 16 வரை எண் போட்ட அந்த ஆறு மரங்களும் அப்படி ஒரு ரோடுதான். அதில் போகிறவர்களிடம் டிக்கெட் வாங்குவதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வால்பாறைக்கு வருகிறவர்கள் "எங்கே பார்த்தாலும் பச்சை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பச்சையில் பெரும்பகுதி தேயிலை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் தேயிலை, கொஞ்சம் காப்பி, அடுப்பெரிக்க யூகலிப்டஸ். நடுநடுவே வெட்டாமல் விட்ட துண்டுச் சோலைகள். சுற்றிலும் பெருங்காடு: இந்தப் பக்கம் 2007இல் புலிகள் காப்பகமான ஆனைமலை, அந்தப் பக்கம் கேரளத்தின் பரம்பிக்குளமும் வாழச்சாலும். இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குப் போக வேண்டிய உயிர் எதுவானாலும் எங்கள் தேயிலைக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இது முழுக்க மழைக்காடு. வெள்ளைக்கார துரைமார் அழித்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். துரை கையில் பிரம்புதான் இருந்தது. கோடாலி பிடித்தவர்களில் சமவெளியிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த என் தாத்தாவும் ஒருவர். அதனால் இந்த விஷயத்தில் அடுத்தவரை நோக்கி விரல் நீட்ட எனக்குக் கூச்சம் உண்டு.

இன்னொரு கூச்சமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2003 ஜூன். தென்மேற்குப் பருவமழை பிடித்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. காலை முதல் நடை, ரொட்டிக்கடை என்கிற ஊர் தாண்டி வருகிறேன், வைப்பர் ஒழுங்காக வேலை செய்யவில்லை, பத்து நிமிஷம் லேட். புதுத்தோட்டம் வளைவில் கறுப்பாக என்னவோ குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். ஈர ரோடு, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பெரிய சத்தம்கூட இல்லை. சின்னக் கல் மேல் டயர் ஏறினால் வருமே, அந்த அளவுதான். இறங்கிப் பார்த்தால் சிங்கவால் குரங்குக் குட்டி. முகத்தைச் சுற்றி அந்த வெள்ளைப் பிடரி இன்னும் சரியாக முளைக்காத வயசு. தாய் ரோட்டோரம் சிமென்ட் திண்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. நான் இரண்டு அடி பின்னால் போனதும் வந்து குட்டியை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மரம் ஏறப் பார்த்தது. ஒரு கையால் ஏற முடியவில்லை. இறங்கி, இன்னொரு மரம் பார்த்தது. கொழுந்து பறிக்கப் போகிற பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் வண்டியில் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. கண்டக்டர்தான் கடைசியில், "அண்ணே, நேரமாச்சு" என்றார்.

வேகமாகத்தான் வந்தேன். அது என் தப்பு. ஆனால் அன்றைக்குப் பிறகு எனக்குள் ஓடிய கேள்வி வேறு. மரத்தை விட்டு இறங்காத ஜென்மம் அது. சோலைமந்தி என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வெடிப்பலா மரத்து உச்சியில் உட்கார்ந்து பழத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு, அப்படியே அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று போகிற குரங்கு. ரோட்டுக்கு ஏன் வந்தது?

அடுத்த நடையில் அண்ணாந்து பார்த்தேன். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த இடத்தில் இரண்டு பக்கத்துக் கிளைகளையும் கழித்துவிட்டிருந்தார்கள். மேலே வானம் தெரிந்தது. பத்துப் பதினைந்து அடி இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அது வெளிச்சம். அதற்கு அது இடிந்துபோன வளைவு.

சில வருஷம் கழித்து அந்த இடத்தில் பாலம் வந்தது. மைசூரைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து செய்தது. பாலம் என்றதும் அன்பர் கான்கிரீட்டை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஏணியைப் படுக்கப்போட்டு இரண்டு மரத்துக்கும் நடுவே கட்டினால் எப்படியோ, அப்படி ஒரு சமாச்சாரம். தீயணைப்பு வண்டிக் குழாய் மாதிரி கனமான கேன்வாஸ் பட்டை, கயிறு. செலவு என்று பார்த்தால் ரோட்டில் ஒரு பள்ளம் அடைக்கிற காசு வருமா என்பதே சந்தேகம். கட்டிய புதிதில் ஒரு குரங்கும் சீண்டவில்லை. நாங்கள் கண்டக்டர், டிரைவர் எல்லாம் கிண்டல் பண்ணினோம், "ஸ்டாப்பிங் போட்டாங்க, பாசஞ்சரைக் காணோம்" என்று. அப்புறம் ஒரு நாள் காலை மூடுபனியில் ஒரு மலை அணில் ஓடிக் கடந்ததைப் பார்த்தேன். அதற்கும் பிறகுதான் மந்திகள். முதலில் பெரிய ஆண், பாதி தூரம் வந்து, பட்டையை இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது. வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். பதினொன்று எண்ணினேன். கடைசியாக ஒரு தாய், வயிற்றில் குட்டி. நடுப்பாலத்தில் நின்று கீழே பேருந்தைப் பார்த்தது. அன்றைக்கு வண்டி லேட்டானதற்கு டிப்போவில் திட்டு வாங்கினேன். பரவாயில்லை.

சரி, குரங்குதான் பெருகிவிட்டதே, வால்பாறை டவுனில் அடுக்களைக்குள் வந்து முட்டை எடுத்துக்கொண்டு போகிறதே, இதையா அழிந்துவரும் இனம் என்கிறீர்கள் என்று அன்பர் கேட்கலாம். பலரும் கேட்கிறார்கள். புதுத்தோட்டத்துச் சோலையில் எண்ணிக்கை கூடியிருப்பது உண்மைதான். ஆனால் ஒரு கூட்டம் பெருத்துப் போவதற்கும் வாழ்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தலைப்பிள்ளைகள் வளர்ந்ததும் வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்களே, அந்த மாதிரி சிங்கவால் குரங்கில் இளவட்ட ஆண்கள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும். அப்போதுதான் ரத்தம் கலக்கும். இங்கே போக வழியில்லை. நான்கு பக்கமும் இடுப்புயரத் தேயிலை. போக வழியில்லாததால் அங்கேயே நெருங்கிக் கிடக்கின்றன, பழம் பற்றாமல் ஊருக்குள் இறங்குகின்றன, சுற்றுலாக்காரர்கள் தூக்கிப் போடும் சிப்ஸுக்குப் பழகுகின்றன. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒன்பது பேர் படுத்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டைப் பார்த்து 'குடும்பம் தழைத்திருக்கிறது' என்று யாரும் சொன்னதில்லை.

இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்று கேரளத்தில் போராடினார்களே, 1983இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டதே, அப்போது போராட்டத்தின் முகமாக இருந்தது இதுதான்.

எண் போட்ட மரங்களைப் பற்றி அதிகாரி ஒருவர் சொன்ன இன்னொரு நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். "அதில் நாலு மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வெளிநாட்டு மரம், நீங்களே அந்நிய மரம் கூடாது என்கிறீர்கள், வெட்டினால் நல்லதுதானே" என்றார். கெட்டிக்காரர். அது உண்மையும்கூட. காப்பிக்கு நிழலுக்கு என்று கொண்டுவந்த மரம் அது, இன்று சோலைக்குள் புகுந்து நாட்டு மரங்களை வளரவிடாமல் செய்கிறது. நானும் அதற்கு ரசிகன் இல்லை. ஆனால் குரங்குக்குக் கிளை கிளைதான். பாஸ்போர்ட் கேட்டு ஏறுவதில்லை. பக்கத்திலேயே வெடிப்பலாவும் நாவலும் நட்டு, அவை கைகோக்கிற உயரத்துக்கு வந்த பிறகு ஆப்பிரிக்கக்காரரை வெட்டுங்கள், நானே கயிறு பிடிக்க வருகிறேன். பழைய பாலத்தை இடிக்கும் முன் புதுப் பாலம் போட வேண்டும் என்பது ரோட்டு வேலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குரங்கைப் பற்றியே பேசிவிட்டேன். யானையைச் சொல்லாமல் வால்பாறைக்காரன் கடிதம் முடியாது. எங்கள் லைன் வீடு, நடு ஆறு என்று பேர் கொண்ட ஆற்றுக்குப் பக்கம். சின்ன வயசில் ரேஷன் கடைக் கதவை யானை உடைத்து அரிசி எடுத்துப்போன அன்றைக்கெல்லாம் எங்களுக்கு அது திருவிழா மாதிரி. பெரியவர்களுக்கு அப்படி இல்லை. எங்கள் லைனில் ஒரு அக்கா விடியற்காலை வெளியே வந்தவர், மூடுபனியில் பத்தடியில் யானை நிற்பது தெரியாமல் நடந்து போய்விட்டார். அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம். இங்கே யானையால் செத்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான், அது அங்கே இருக்கிறது என்பது தெரியாமலே போனவர்கள். பகலில் யானைக் கூட்டம் ஆற்றோரப் புதரிலோ துண்டுச் சோலையிலோ ஒதுங்கி நிற்கும். இருட்டியதும் அடுத்த சோலைக்கு நடக்கும். ஆற்றோரத்தில் மரம் விட்டிருக்கிற எஸ்டேட்டில் அது ஆற்றோடு போய்விடுகிறது. கரை வரைக்கும் தேயிலை நட்ட இடத்தில் பாவம், அது எங்கே போகும்? லைன் வீட்டு வாசல் வழியாகத்தான்.

இதற்கு ஒரு ஏற்பாடு வந்தது. இன்றைக்கு யானை எந்த எஸ்டேட் எந்தப் பகுதியில் நிற்கிறது என்று சாயங்காலம் லோக்கல் கேபிள் டிவியில் கீழே எழுத்து ஓடும். பிறகு செல்போனில் செய்தி. முக்கியமான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு. அருகில் யானை இருந்தால் உள்ளூர் ஆட்களே செல்போனிலிருந்து அதை எரியவிடுவார்கள். இதைக் கட்டியெழுப்பிய எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கொடுத்தார்கள். கடைசி நடையில் ஆட்களை இறக்கிவிடும்போது சிவப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கச் சொல்வேன். எரிந்தால் லைன் வீட்டு வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். விதிப்படி அது தப்பு, இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், சொல்லலாம். ஆனால் விளக்கு மனிதனைக் காப்பாற்றும். யானைக்கு வழி விடாது. வழி விடுவது ஆற்றோரத்து மரங்கள்தான். அவை இருக்கும்வரை விளக்குக்கு வேலை குறைவு.

தவளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் அட்டகட்டிக்கு மேலே ரோடு முழுக்கத் தவளை துள்ளும். ஒதுங்கி ஓட்ட முடியாது. யானைக்குப் பத்து மைல் நடை பெரிசில்லை, மலை இருவாச்சி சிறகடித்துப் பறந்துவிடும், சோலைமந்திக்குப் பத்தடி வானம் போதும் வழி அடைபட. தவளைக்கு ரோட்டோரச் சாக்கடைச் சுவர் ஒன்றே கோட்டைச் சுவர். ஆளுக்கு ஆள் அளவு வேறு. காடு எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

ரோடும் வேண்டும், வழியும் வேண்டும் என்பது நடக்காத காரியம் இல்லை. நாக்பூர் போகிற தேசிய நெடுஞ்சாலை 44இல் பென்ச் புலிகள் காப்பகத்துக்குப் பக்கத்தில் 9 இடங்களில் ரோட்டைத் தூக்கிக் கட்டி அடியில் வழி விட்டிருக்கிறார்கள். மேலே லாரி போகிறது, கீழே புலி போகிறது, கேமராவில் பதிவாகியிருக்கிறது. நம் மாவட்டத்திலேயே, 2021 நவம்பரில் நவக்கரையில் ரயிலில் அடிபட்டு ஒரே இரவில் 3 யானைகள் செத்த பிறகு, மதுக்கரைப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்க வழி அமைத்தார்கள், 2024இல் கேமரா வைத்து எச்சரிக்கிற ஏற்பாடும் வந்தது. மூன்று யானை செத்த பிறகு வந்தது என்பதுதான் வருத்தம்.

அன்பர் கேட்ட நல்ல ரோட்டுக்கு நான் எதிரி இல்லை. அந்த வளைவில் கண் மறைக்கிறது என்பது சரி. அதற்கு மரத்தை வெட்ட வேண்டாம். வளைவுக்கு இரண்டு பக்கமும் வேகத்தடை போட்டு, குவி ஆடி ஒன்று வையுங்கள். கீழ்க்கிளை பார்வையை மறைத்தால் கீழ்க்கிளையை மட்டும் கழியுங்கள், மேலே கைகோத்திருப்பதைத் தொடாதீர்கள். மின்கம்பிக்காகக் கிளை வெட்டப் போகிறவர்களும் அப்படியே. அதைவிட அந்த அரை கிலோமீட்டருக்கு உறை போட்ட கம்பி மாற்றினால் கிளையும் பிழைக்கும், கம்பியைப் பிடித்துச் சாகிற குரங்கும் பிழைக்கும். கேன்வாஸ் பாலங்கள் வெயிலிலும் மழையிலும் நைந்துபோகின்றன. வருஷா வருஷம் மே மாதத்துக்குள் யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். அந்த வளைவில் ஒரு வாட்சர் கை காட்டி வண்டிகளை மெதுவாக்குவாரே, அவரைப் பார்த்து ஹாரன் அடிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து பிஸ்கட் போடாதீர்கள். இது கடைசியாகச் சொன்னாலும் எனக்கு முதல் கோரிக்கை, ஏனென்றால் நான் பார்த்ததில் பாதிக் குரங்கு பிஸ்கட்டுக்குத்தான் ரோட்டில் இறங்கி அடிபட்டது.

எஸ்டேட்காரர்களுக்கும் ஒன்று. தேயிலைக்கு நடுவே வரிசையாக சில்வர் ஓக் நிற்கிறதே, அதன் கிளையை வருஷா வருஷம் கழித்து மொட்டைக் கம்பமாக வைத்திருக்கிறார்கள். சோலையிலிருந்து சோலைக்குப் போகிற திசையில் இரண்டு வரிசை மட்டும் நாட்டு மரம் நட்டுக் கழிக்காமல் விட்டால், கொழுந்து எத்தனை கிலோ குறைந்துவிடும்? 2000 வாக்கில் ஆரம்பித்து அந்தப் பாலம் கட்டிய பவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் ஐயர்பாடியில் நாற்றங்கால் போட்டு, சில எஸ்டேட்டுகள் இடம் கொடுத்த துண்டுச் சோலைகளில் நட்டு வளர்த்த மரங்கள் இன்று என்னைவிட நாலு மடங்கு உயரம். முடியாத வேலை இல்லை என்பதற்கு அதைப் போய்ப் பார்க்கலாம்.

நேற்று சாயங்காலம் நடந்து போய் மறுபடியும் பார்த்தேன். 13ஆம் எண் மரத்தில் பாலத்தின் ஒரு முனை கட்டியிருக்கிறது. பெயின்ட் அடித்த தம்பி அண்ணாந்து பார்த்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். வரும் திங்கட்கிழமை கோவையில் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். அந்த மரத்தின் புகைப்படம் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் போட்டால் எண் தெரியாது, முடிந்தால் கலரில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
வால்பாறை.